லூகாவின் முப்பத்தொன்பது இலக்கங்கள்

கணிப்பொறியியல் படித்தவர்களுக்கு ஹனாய் கோபுரத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மூன்று குச்சிகள். ஒரு குச்சியில் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிய வட்டுகள். ஒரு தடவைக்கு ஒரு வட்டைத்தான் எடுக்கலாம், சின்னதன் மேல் பெரியதை வைக்கக் கூடாது, மொத்தக் கோபுரத்தையும் இன்னொரு குச்சிக்குக் கொண்டுபோக வேண்டும். தன்னையே திரும்ப அழைத்துக்கொள்ளும் நிரல் என்றால் என்ன என்று விளக்க வாத்தியார்களுக்கு இதைவிட வசதியான உதாரணம் கிடைத்ததில்லை. நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளின் ஆய்வக நோட்டுகளில் எத்தனை ஆயிரம் முறை இந்த நிரல் எழுதப்பட்டிருக்குமோ தெரியாது. ஆனால் அந்த நோட்டுகள் எதிலும் இதை உண்டாக்கியவரின் பெயர் இருக்காது. என்னுடைய நோட்டிலும் இல்லை.

அவர் பெயர் எதுவார் லூகா. ஆங்கிலப் புத்தகங்களின் வழியாக வந்தவர்கள் லூகாஸ் என்போம். பிரெஞ்சில் கடைசி 'ஸ்' ஒலிக்காது. 1842 ஏப்ரல் 4ஆம் தேதி வடக்கு பிரான்சில் அமியான் நகரத்தில் பிறந்தார். 1891இல், ஐம்பது வயது நிறைவதற்கு முன்பே, ஒரு பீங்கான் தட்டு காரணமாக இறந்துபோனார். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். இடைப்பட்ட காலத்தில் அவர் செய்த காரியங்களில் ஒன்றுதான் என்னை அவர் பக்கம் இழுத்தது. கணிப்பொறி என்ன, ஒழுங்கான கணக்கு இயந்திரம்கூட இல்லாத காலத்தில், கீழே இருக்கும் இந்த எண் பகா எண் என்று அவர் நிரூபித்தார்:

170 141 183 460 469 231 731 687 303 715 884 105 727

இரண்டை 127 முறை தன்னோடு பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது, அதாவது 2^127 - 1. நம் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய ஆயிரத்து எழுநூறு கோடி கோடி கோடி கோடி கோடி. மென்பொருள்காரர்களுக்கு இன்னொரு விதத்தில் பழக்கமான எண்தான். 128 பிட் இடத்தில், கூட்டல் கழித்தல் குறியோடு, வைக்கக்கூடிய ஆகப் பெரிய முழு எண் இது.

இப்படிப்பட்ட எண்களுக்கு மெர்சன் எண்கள் என்று பெயர். மரேன் மெர்சன் 1588 முதல் 1648 வரை வாழ்ந்த ஒரு பிரெஞ்சுத் துறவி. ஐரோப்பாவின் அறிஞர்களெல்லாம் ஒருவருக்கொருவர் தங்கள் கண்டுபிடிப்புகளைத் தெரிவித்துக்கொள்ள இவருக்குக் கடிதம் எழுதினார்கள். ஒரு தனிமனிதத் தபால் நிலையம். 1644இல் வெளியிட்ட நூலொன்றில் அவர் ஒரு பட்டியல் கொடுத்தார். இரண்டின் அடுக்கு 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆக இருந்தால், ஒன்றைக் கழித்து வருவது பகா எண். 257 வரை வேறு எந்த அடுக்குக்கும் அப்படி வராது. எப்படிக் கண்டுபிடித்தார் என்று சொல்லவில்லை. 1772இல் ஆய்லர் 2^31 - 1 பகா எண்தான் என்று நிறுவினார். 2147483647 என்ற அந்த எண்ணையும் நிரல் எழுதுபவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். 32 பிட்டில் நேரத்தை எண்ணும் பழைய கணினிகள் 2038 ஜனவரி 19 அன்று மூச்சு முட்டி நிற்கப்போவது இந்த எண்ணில்தான். ஆய்லரின் வழி, அடிப்படையில், வகுத்துப் பார்ப்பது. எந்த மாதிரி எண்கள் வகுக்க வாய்ப்பே இல்லை என்று முதலிலேயே கழித்துவிட்டு, எஞ்சியவற்றை வைத்துச் சலிக்காமல் வகுத்தார். 1867இல் லாந்திரி என்ற பிரெஞ்சுக்காரர் 13 இலக்க எண் ஒன்றைப் பகா எண் என்று காட்டினார். வகுத்துப் பார்க்கும் முறையின் மூச்சு ஏறக்குறைய அங்கே முடிகிறது.

39 இலக்கத்துக்கு அது கட்டுப்படியாகாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2^127 - 1-ஐ அதன் வர்க்கமூலம் வரையுள்ள ஒற்றை எண்களால் ஒவ்வொன்றாக, நொடிக்கு நூறு கோடி வகுத்தல் வீதம் ஓய்வில்லாமல் வகுத்துக்கொண்டு போனால் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகும். 1876இல், அதாவது மெர்சன் பட்டியலிட்டு 232 ஆண்டுகள் கழித்து, லூகா இதை முடித்தார். 13 இலக்கத்திலிருந்து 39 இலக்கத்துக்கு ஒரே தாவல். இது எப்படி முடிந்தது என்பதுதான் அவர் வாழ்க்கையின் முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன்.

பாரிஸின் எகோல் நோர்மால் சுப்பீரியரில் படித்தார். நாட்டின் சிறந்த மாணவர்களைப் பொறுக்கியெடுத்து ஆசிரியர்களாகவும் ஆராய்ச்சியாளர்களாகவும் ஆக்கும் இடம். படிப்பு முடிந்ததும் பாரிஸ் வானியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. அங்கே இயக்குநர் லெவெரியே. 1846இல் காகிதத்தில் கணக்குப் போட்டே நெப்டியூன் கோள் எங்கே இருக்கும் என்று சொன்னவர். கீழே வேலை செய்பவர்களைப் படாத பாடு படுத்தியவர் என்றும் பெயரெடுத்தவர். 1870இல் வானியலாளர்கள் கூட்டாகக் கிளம்பியதில் பதவியே போயிற்று (பிறகு திரும்பி வந்தார் என்பது வேறு விஷயம்). அந்தக் கால வானியல் ஆய்வகம் என்பது பாதி தொலைநோக்கி, பாதி கணக்குத் தொழிற்சாலை. நீண்ட நீண்ட எண்களை நாள் முழுக்கக் கூட்டிப் பெருக்கிச் சரிபார்ப்பதே உதவியாளர்களின் பிழைப்பு. லூகாவின் கை கணக்குக்குப் பழகியது இங்கேயாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. லூகா பீரங்கிப் படையில் அதிகாரி. பிரான்ஸ் தோற்றது. திரும்பி வந்தவர் வானியலுக்குப் போகவில்லை, பள்ளி ஆசிரியரானார். முதலில் மூலான் என்ற சிற்றூரில், பிறகு பாரிஸின் சென் லூயி, ஷார்லமான் உயர்நிலைப் பள்ளிகளில். சாகும் வரை ஆசிரியர்தான். பல்கலைக்கழகப் பதவி எதுவும் அவருக்குக் கடைசி வரை வாய்க்கவில்லை.

1875இல் அவர் ஒரு புதிர் போட்டார். பீரங்கிக் குண்டுகளைச் சதுரமான அடித்தளத்தின் மேல் கூம்பாக அடுக்குகிறோம். மொத்தக் குண்டுகளின் எண்ணிக்கையும் ஒரு முழு வர்க்கமாக வருவது எப்போது? ஒரே ஒரு குண்டு என்ற அற்பமான விடையை விட்டுவிட்டால், 24 அடுக்குகளுக்கு மட்டும்தான் என்பது அவர் சொன்னது. மொத்தம் 4900, அதாவது 70-இன் வர்க்கம். வேறு விடை இல்லை என்பதற்கு முழுமையான நிரூபணம் 1918இல் வாட்சன் கொடுத்த பிறகுதான் வந்தது. லூகாவிடம் திரும்பத் திரும்பக் காண்பது இதுதான். முதலில் சரியான இடத்துக்குப் போய்விடுவார். அங்கே போகப் பாதை போடுகிறவர்கள் ஐம்பது வருடம் கழித்து வருவார்கள்.

இனி அந்தப் பெரிய எண். கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

1, 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55... முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது. இதற்கு ஃபிபனாச்சி வரிசை என்ற பெயரைப் புழக்கத்தில் விட்டவரே லூகாதான். 1202இல் புத்தகம் எழுதிய இத்தாலியரின் நினைவாக வைத்தார். ஒரு மாத்திரைக் குறிலையும் இரு மாத்திரை நெடிலையும் கொண்டு, குறிப்பிட்ட மாத்திரை அளவுள்ள அடிகளை எத்தனை விதமாக அமைக்கலாம் என்று எண்ணிய வடமொழி, பிராகிருத யாப்பு நூலார் ஃபிபனாச்சிக்கு முன்பே இதே வரிசைக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். பெயர் சூட்டும் சடங்கில் அவர்களுக்கு அழைப்பில்லை.

இந்த வரிசையில் லூகா பார்த்தது இது. எந்தப் பகா எண்ணை எடுத்தாலும், அதன் மடங்கு ஒன்று வரிசையில் எங்காவது தலைகாட்டியே தீரும். 7 தலைகாட்டுவது எட்டாம் இடத்தில் (21). 11 பத்தாம் இடத்தில் (55). 13 ஏழாம் இடத்தில் தானே நேரில் வந்து நிற்கிறது. முதலில் தலைகாட்டும் இடம், அந்தப் பகா எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் வருமே, அந்த எல்லையை ஒருபோதும் தாண்டாது. ஒருமுறை வந்துவிட்டால் பிறகு அந்த இடத்தின் மடங்குகளில் மட்டும்தான் வரும். 7 என்றால் 8, 16, 24 என்று.

இதைத் தலைகீழாகத் திருப்பியதில்தான் அவர் மேதைமை. 2^127 - 1 பகா எண்ணா என்று தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சின்னதாக ஒரு பகாக் காரணி ஒளிந்திருந்தால், அந்தக் காரணி வரிசையில் சீக்கிரமே தலைகாட்டியிருக்க வேண்டும். ஆனால் 2^127ஆம் இடத்துக்கு முன்னால் எந்தக் காரணியும் தலைகாட்டவில்லை, அங்கேதான் முதல்முறை வந்தது என்று காட்டிவிட்டால்? அப்படித் தாமதமாக வரக்கூடிய ஒரே பகா எண், அந்த முழு எண்ணேதான். ஆக உள்ளே வேறு யாரும் ஒளிந்திருக்கவில்லை. எல்லை 2^127 என்பதால் இன்னொரு வசதி. அந்த எண்ணை வகுக்கக்கூடியவை இரண்டின் அடுக்குகள் மட்டுமே, எனவே வழியில் வேறு எந்த இடத்தையும் சோதிக்க வேண்டாம். 2^127ஆம் இடத்தில் வருகிறதா, அதற்குப் பாதியான 2^126ஆம் இடத்தில் வராமல் இருக்கிறதா, அவ்வளவுதான்.

ஆனால் அந்த இடத்திலுள்ள ஃபிபனாச்சி எண்ணை எழுத உலகத்துக் காகிதமெல்லாம் போதாது. இங்கே லூகா ஒரு துணை வரிசையைக் கொண்டுவருகிறார். 1, 3, 4, 7, 11, 18, 29, 47... இதுவும் அதே கூட்டல் விதிதான், தொடக்கம் மட்டும் வேறு. இன்று இவற்றை லூகா எண்கள் என்கிறோம். இதன் இரண்டாம், நான்காம், எட்டாம், பதினாறாம் இடங்களைப் பாருங்கள்: 3, 7, 47, 2207. ஒவ்வொன்றும் முந்தையதை வர்க்கப்படுத்தி இரண்டைக் கழித்தது. மேலே சொன்ன இரண்டு சோதனைகளும், இந்தத் துணை வரிசையின் 2^126ஆம் எண் நம் எண்ணால் மீதியில்லாமல் வகுபடுகிறதா என்ற ஒரே கேள்வியில் அடங்கிவிடுகின்றன. எண்ணை முழுதாக வைத்துக்கொள்ளவும் தேவையில்லை. ஒவ்வொரு படியிலும் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

சின்ன உதாரணம் செய்து காட்டுகிறேன். 127 பகா எண்ணா? அது 2^7 - 1. முதலில் 3. வர்க்கப்படுத்தி இரண்டைக் கழித்தால் 7. அடுத்து 47. அடுத்து 2207, அதை 127-ஆல் வகுத்தால் மீதி 48. 48-இன் வர்க்கத்தில் இரண்டு போக 2302, மீதி 16. 16-இன் வர்க்கத்தில் இரண்டு போக 254. அது 127-இன் சரியாக இருமடங்கு, மீதி சைபர். முடிந்தது, 127 பகா எண். ஒரு காரணியைக்கூட முயன்று பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

2^127 - 1-க்கு இதே வேலையை 125 முறை செய்ய வேண்டும். ஒவ்வொன்றும் 39 இலக்க எண்ணை வர்க்கப்படுத்தி, 77 இலக்கம் வரை வருவதை மறுபடியும் 39 இலக்கத்துக்குள் அடக்குவது. என் மடிக்கணினியில் இதை நான்கு வரி நிரலாக எழுதி ஓடவிட்டேன். விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் சைபர் வந்து நின்றது. அதில் எனக்கு ஒரு மரியாதையும் தோன்றவில்லை. ஒரு விடுமுறை நாளில் காகிதம் எடுத்து ஒரே ஒரு படியைக் கையால் செய்து பார்த்தேன். காப்பி இரண்டு முறை ஆறியது. இன்னும் 124 இருக்கின்றன என்ற நினைப்பு வந்தபோதுதான் லூகா என்ற மனிதர் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அவர் நம்மைவிடப் புத்திசாலி, இதை நேரடியாகச் செய்ய வேண்டியதில்லை என்று பார்த்துவிட்டார். எண்களைப் பத்தடிமானத்தில் எழுதாமல் இரண்டடிமானத்தில், ஒன்றும் சைபருமாக எழுதுங்கள். 127 கட்டங்கள் போதும். கட்டத்தில் காய் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சைபர். பெருக்கல் என்பது அதே வரிசையை இடம் தள்ளித் தள்ளி அடுக்குவது. 2^127-ஐ நம் எண்ணால் வகுத்தால் மீதி ஒன்று. அதனால் 127ஆம் கட்டத்தைத் தாண்டி வெளியே விழும் காய் முதல் கட்டத்துக்குத் திரும்பி வருகிறது. வகுத்தல் என்ற வேலையே காணாமல் போய்விடுகிறது! பக்கத்துக்கு 127 கட்டம் கொண்ட ஒரு மாபெரும் சதுரங்கப் பலகை, அதில் காய்களை நகர்த்தும் ஒரு விளையாட்டு. இரண்டு காய்கள் ஒரே கட்டத்தில் சேர்ந்தால் இரண்டையும் எடுத்துவிட்டுப் பக்கத்துக் கட்டத்தில் ஒன்றை வைக்க வேண்டும். கணினியின் உள்ளே நடப்பதும் இதைத் தவிர வேறில்லை. அது பிறப்பதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பு ஒரு பள்ளி ஆசிரியர் இதைப் பலகை விளையாட்டாக எழுதிவைத்தார்.

அத்தனை நீளமான கைக்கணக்கில் எங்காவது ஒரு தப்பு நேர்ந்திருந்தால்? நிரலைச் சோதிப்பதே தொழிலாகிப்போனவனுக்கு முதலில் வரும் சந்தேகம் இது. யோசித்துப் பார்த்தால் இந்தச் சோதனைக்கு ஒரு விசித்திரக் குணம் இருக்கிறது. நடுவில் ஒரு இலக்கம் பிசகினாலும் அதற்குப் பிறகு வரும் மீதிகளெல்லாம் கண்டபடி சிதறிவிடும். சிதறிய கணக்கு கடைசியில் தற்செயலாகச் சைபரில் வந்து நிற்பதற்கான வாய்ப்பு, 39 இலக்க எண்ணொன்றை ஒருவர் மனதில் நினைக்க, இன்னொருவர் ஒரே தடவையில் சரியாகச் சொல்லிவிடுவதைப் போன்றது. ஆகவே சைபர் வந்தால், அது தன் சாட்சியைத் தானே சொல்லிவிடுகிறது. ஆனால் சைபர் வராவிட்டால்? எண் பகு எண்ணாக இருக்கலாம், அல்லது கணக்குப் போட்டவர் தூக்கக் கலக்கத்தில் இருந்திருக்கலாம். இரண்டுக்கும் வெளியில் வித்தியாசம் தெரியாது.

லூகாவுக்கு இரண்டுமே நேர்ந்தன. 127-க்குச் சைபர் வந்தது. மெர்சன் பட்டியலில் இருந்த 67-ஐச் சோதித்தபோது அது பகா எண் இல்லை என்றார். காரணி என்னவென்று அவருக்குத் தெரியாது. உள்ளே ஆள் இருக்கிறது, ஆனால் யாரென்று சொல்ல முடியாது என்பது போன்ற ஒரு அறிவிப்பு. அதுவரை ஒரு எண் பகு எண் என்றால், இதோ பார் இதன் காரணி என்று காட்டுவதுதான் வழக்கம். காரணியைக் காட்டாமலே பகு எண் என்று அறியலாம் என்பது புதுமாதிரியான அறிவு. இன்று நம் வங்கிக் கணக்குகளைக் காக்கும் மறையீட்டு முறை இந்த இடைவெளியில்தான் நிற்கிறது. ஒரு பெரிய எண் பகு எண்ணா என்று சொல்வது சுலபம், அதன் காரணிகளைச் சொல்வது கடினம்.

1878இல், அமெரிக்காவின் பால்டிமோரில் சில்வெஸ்டர் தொடங்கிய புதிய கணிதப் பத்திரிகையின் முதல் தொகுதியிலேயே லூகாவின் நீண்ட கட்டுரை வந்தது. இந்த வரிசைகளைப் பற்றி அவர் கண்டதெல்லாம் அதில் இருக்கிறது. சொந்த நாட்டின் பெரிய கணிதக்காரர்கள் எண் கோட்பாட்டின் இந்த மூலையைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. நிரூபணங்களில் அங்கங்கே இடைவெளி இருந்ததும் உண்மை. அவர் பெயர் பரவியது வேறு பக்கமாக. 1882 முதல் வெளிவந்த அவருடைய பொழுதுபோக்குக் கணித நூல் நான்கு தொகுதிகள் கண்டது; கடைசிப் பகுதிகள் அவர் இறந்த பிறகு வந்தவை. புள்ளிகளைக் கோட்டால் இணைத்துக் கட்டம் பிடிக்கும் விளையாட்டை நாமெல்லாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் விளையாடியிருக்கிறோமே, அதை 1889இல் முதலில் அச்சில் ஏற்றியவரும் இவர்தான்.

1883இல் ஹனாய் கோபுரம் பெட்டியில் அடைத்த பொம்மையாக விற்பனைக்கு வந்தது. பெட்டியின் மேல் லூகாவின் பெயர் இல்லை. சயாமைச் சேர்ந்த பேராசிரியர் என். கிளாஸ், லி-சு-ஸ்தியான் கல்லூரி என்று போட்டிருந்தது. பிரெஞ்சு எழுத்துக்களைக் கலைத்து அடுக்கினால் முதலாவது அமியானின் லூகா என்றாகும், இரண்டாவது அவர் வேலை பார்த்த சென் லூயி பள்ளி. அந்த வருடம் பிரான்ஸ் வியட்நாமில் படையெடுத்துக்கொண்டிருந்தது, ஹனாய் தினமும் செய்தித்தாளில் அடிபட்ட பெயர். விற்பனைக்கு உதவியிருக்கும். கூடவே ஒரு கதையும் கட்டப்பட்டது. கோயிலொன்றில் வைர ஊசிகளில் 64 தங்க வட்டுகளை அந்தணர்கள் இரவும் பகலும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், முடியும் நாளில் உலகம் அழியும் என்று. அடுத்த ஆண்டு பிரெஞ்சுப் பத்திரிகையொன்றில் விரிவாக வந்த வடிவத்தில் அந்தக் கோயில் காசியில் இருந்தது. இதைக் காசியின் தொன்மக் கதை என்றே நம்பும் நம்மவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாரிஸில் உற்பத்தியான தொன்மம் அது. நொடிக்கு ஒரு வட்டு வீதம் 64 வட்டுகளை மாற்ற ஐம்பத்தெட்டாயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேலாகும், ஆகவே பயப்பட வேண்டாம்.

இந்தப் பொம்மையை விளையாட்டு வேறு, ஆராய்ச்சி வேறு என்று பிரித்துப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மூன்று வட்டுகளை மாற்றக் குறைந்தபட்சம் 7 நகர்த்தல்கள். ஏழு வட்டுகளுக்கு 127. 127 வட்டுகள் இருந்தால் 2^127 - 1. தன் எண்ணையேதான் அவர் பெட்டியில் போட்டு விற்றார்.

கணக்கு இயந்திரங்களிலும் அவருக்கு ஆசை இருந்தது. அவர் எழுப்பிய ஒரு கேள்விக்கு விடையாக ரயில்வே பொறியாளர் ழெனாய் பெருக்கல் குச்சிகளைச் செய்தார், அவை இருவர் பெயரிலும் வழங்கின. பகா எண்ணைச் சோதிக்க ஒரு இயந்திரம் என்ற எண்ணமும் லூகாவிடம் இருந்தது. அது கைகூடவில்லை. 1891இல் அவருடைய எண் கோட்பாட்டு நூலின் முதல் தொகுதி வந்தது. அதே ஆண்டு, பிரெஞ்சு அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் மாநாட்டு விருந்தில், பரிமாறுபவர் கையிலிருந்து தட்டுகள் நழுவி விழுந்தன. தெறித்த பீங்கான் துண்டு லூகாவின் கன்னத்தைக் கிழித்தது. சில நாட்களில் காயத்தில் அக்கி போலப் பரவிய தொற்று, கடும் காய்ச்சல். அக்டோபர் 3ஆம் தேதி இறந்தார். வயது 49. இரண்டாம் தொகுதி வரவேயில்லை.

67-இன் கதை 1903 அக்டோபரில் முடிந்தது. அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் என்பவர் பேச எழுந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் கரும்பலகையில் 2^67 - 1-ஐ விரித்து எழுதினார். பக்கத்தில் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினார். இரண்டும் ஒன்றே என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டார். அவை கைதட்டியது என்பார்கள். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டுபிடித்தாராம். லூகா சொல்லிப் போன ஆள் இருபத்தேழு வருடம் கழித்துப் பிடிபட்டான். மெர்சனின் பட்டியலில் 67-உம் 257-உம் தவறு. 61, 89, 107 விடுபட்டவை. 127 மட்டும் அசையவில்லை. 1914இல் ஃபோகம்பெர்க் அதை மறுபடி கணக்கிட்டு உறுதிசெய்தார்.

நிரூபணத்தின் இடைவெளிகளை அடைத்து, எந்த ஒற்றைப்படைப் பகா அடுக்குக்கும் செல்லும்படி சீராக்கியவர் அமெரிக்கரான டி. எச். லேமர், 1930இல். 3-க்குப் பதில் 4-இல் தொடங்க வேண்டும், மற்றபடி அதே வர்க்கம், அதே இரண்டு. 1951 வரை, எழுபத்தைந்து ஆண்டுகள், லூகாவின் எண்தான் உலகம் அறிந்த ஆகப் பெரிய பகா எண். இயந்திர உதவியில்லாமல் கையால் நிறுவப்பட்டவற்றில் அதைவிடப் பெரியது இன்றுவரை கிடையாது. 1952 ஜனவரியில் ராஃபேல் ராபின்சன் எழுதிய நிரல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கணினியில் ஓடி, அடுக்கு 521, 607 என்று ஒரே நாளில் இரண்டு புதிய மெர்சன் பகா எண்களைக் கொண்டுவந்தது. அந்த இயந்திரத்தைக் கண்ணால் பார்க்காமல், கையேட்டை வைத்தே எழுதிய நிரல், முதல் தடவையிலேயே ஓடியது என்கிறார்கள். இந்த ஒரு செய்தியைத்தான் என்னால் நம்ப முடியவில்லை! 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2^136279841 - 1 நாலு கோடிக்கும் மேல் இலக்கங்கள் கொண்டது. அதைச் சல்லடையில் பிடித்தது வேறொரு சோதனை. பகா எண் என்று உறுதி செய்தது லூகா - லேமர் சோதனை.

லூகாவின் செய்தி வெளியான அதே 1876இல் கட்டலான் என்ற கணிதக்காரர் ஒன்றைக் கவனித்தார். 2-ஐ அடுக்காக வைத்தால் 2^2 - 1, அதாவது 3. 3-ஐ வைத்தால் 7. 7-ஐ வைத்தால் 127. 127-ஐ வைத்தால் லூகாவின் எண். எல்லாமே பகா எண்கள். அப்படியானால் லூகாவின் எண்ணையே அடுக்காக வைத்தால்? வரும் எண்ணில் எத்தனை இலக்கங்கள் என்று சொல்லவே 38 இலக்கம் வேண்டும். அதைச் சோதிக்க லூகாவின் முறையே இருக்கிறது, படிகளின் எண்ணிக்கைதான் ஏறக்குறைய லூகாவின் எண் அளவுக்கு ஆகும். சின்னக் காரணி ஏதாவது அகப்படுமா என்று கணினிகளை வைத்துத் தேடிப் பார்த்தார்கள். இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.